19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பட்டன் வியாபாரமும் யூதர்களும்: செய்தவர்களா, சுமந்து விற்றவர்களா?

வைகைக்கரையான்:

அமெரிக்க யூத வியாபாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஜீன்ஸுக்கு லெவி ஸ்ட்ராஸ், வங்கிக்கு கோல்ட்மேன், லேமன் என்று பெரிய பெயர்களுக்குத் தாவிவிடுகிறோம். அந்தக் குடும்பங்கள் கப்பலிலிருந்து இறங்கிய முதல் சில ஆண்டுகளில் என்ன விற்றன என்று கேட்பவர்கள் குறைவு. ஊசி, நூல், நாடா, ரிப்பன், சீப்பு, பட்டன். இதில் பட்டனை மட்டும் எடுத்துப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இதுதான். அன்றைய அமெரிக்காவில் பட்டன் ஆலை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் யூதர்கள் அல்லர். பித்தளைப் பட்டன் என்றால் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி. ஸ்கோவில் கம்பெனி, வாட்டர்பரி பட்டன் கம்பெனி இரண்டும் அங்கேதான். துணி போர்த்திய பட்டன் என்றால் மாசசூசெட்ஸின் ஈஸ்ட்ஹாம்ப்டன். இவையெல்லாம் நியூ இங்கிலாந்துப் புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் ஆலைகள். யூதர்களின் வேலை ஆலை வாசலுக்கு வெளியே தொடங்கியது: இறக்குமதி, மொத்த வியாபாரம், கிராமத்துக் கடை, கடைசியில் பண்ணை வீட்டு வாசலில் மூட்டையை அவிழ்க்கும் ஆள் என்று ஒரு சங்கிலி.

மூட்டை வியாபாரத்தை அவர்கள் தொடங்கிவைக்கவில்லை. அவர்களுக்கு முன்பே நியூ இங்கிலாந்து இளைஞர்கள் தகரப் பாத்திரம், கடிகாரம், பட்டன் எல்லாம் ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்கள் வரை போய் விற்றார்கள். 1830களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்கள் ஜெர்மன் பேசும் யூத இளைஞர்கள். அத்தனை பேர் ஏன் ஒரே தொழிலில் இறங்கினார்கள்? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பனைமரத்தான்:

பதில் ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிறது. 1813இல் அந்த அரசு யூதர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை யூதக் குடும்பங்கள் இருக்கலாம் என்று ஒரு பதிவேடு. அந்த எண்ணிக்கை கூடக் கூடாது. பதிவேட்டில் ஓர் இடம் காலியானால்தான் இன்னொருவர் குடும்பம் அமைக்க முடியும். மூத்த மகனுக்கு அப்பாவின் இடம் கிடைக்கலாம். இளைய மகன்களுக்கு ஊரில் கல்யாணமே கிடையாது என்ற நிலைமை. கைவினைச் சங்கங்கள் பல தலைமுறைகளாக யூதர்களைச் சேர்க்காததால் அவர்களுக்கு மிஞ்சியது மாட்டு வியாபாரம், பழைய துணி, தெருத்தெருவாகச் சில்லறைச் சாமான் விற்பது. அந்தத் தெரு வியாபாரத்தையும் அதே சட்டம் ஒழிக்கப் பார்த்தது.

லெவி ஸ்ட்ராஸ் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் புட்டன்ஹைம். அப்பா சுற்றி விற்கும் வியாபாரி, காசநோயில் 1846இல் இறந்தார். அடுத்த ஆண்டே அம்மா ரெபேக்கா லெவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே லெவியின் அண்ணன்கள் ஜோனாஸும் லூயிஸும் ஏற்கெனவே துணி மொத்த வியாபாரத்தில் இருந்தார்கள்.

1840 வாக்கில் அமெரிக்காவில் இருந்த யூதர்கள் ஏறக்குறைய 15,000 பேர்தான். 1860இல் 1,50,000. இருபதே ஆண்டில் பத்து மடங்கு. வந்தவர்களில் பலர் கைமுதல் இல்லாத, கல்யாணம் ஆகாத இளைஞர்கள். நிலம் வாங்கப் பணம் இல்லை, ஆங்கிலம் இல்லை. தெரிந்த ஒரே தொழில் பொருளை வாங்கி வாசலில் விற்பது. சொந்தக்காரர் ஒருவர் கடன் சரக்கு தந்தால் மறுநாளே கிளம்பிவிடலாம்.

வைகைக்கரையான்:

அந்த மூட்டையைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். சின்சினாட்டியில் இருந்த ரபி (யூத மதகுரு) ஐசக் மேயர் வைஸ் மூட்டை வியாபாரிகளை வரிசைப்படுத்தி எழுதி வைத்திருக்கிறார். அடிமட்டத்தில் கூடைக்காரன், ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட வராது. அடுத்தவன் பெட்டி தூக்குபவன். அதற்கு மேல் முதுகில் 100 முதல் 150 பவுண்டு வரை சுமப்பவன். நம் கணக்கில் 45 முதல் 68 கிலோ. அப்புறம் குதிரை வண்டி, அதற்கு மேல் நகை விற்பவன், உச்சியில் சொந்தக் கடை வைத்தவன். இவர்களுக்கெல்லாம் கோமான், இளவரசன் என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்களாம்.

கூடைக்காரனுக்கும் பெட்டிக்காரனுக்கும் பட்டன்தான் அன்னம் போட்டது என்பேன். எடை குறைவு, உடையாது, கெடாது, மழையில் நனைந்தாலும் துடைத்து விற்கலாம். துணியை வீட்டிலேயே நெய்த பண்ணைப் பெண்கள்கூடப் பட்டனை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. எலும்பையோ மரத்தையோ செதுக்கிச் சமாளித்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் உடுப்புக்கு அது ஒத்துவராது.

ஜோசப் செலிக்மேன் 1837இல் பவேரியாவின் பயர்ஸ்டார்ஃபிலிருந்து வந்தார். பென்சில்வேனியாவின் மாக் சங்க் ஊரில் ஆசா பேக்கரிடம் கணக்கு எழுதினார். பண்ணைக்காரர்கள் சின்னச் சின்னச் சாமான்களுக்காக டவுனுக்கு அலைவதைப் பார்த்தார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் வேலையை விட்டுவிட்டு, அதே சாமான்களை மூட்டையில் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். பிறகு தம்பிகளை ஒவ்வொருவராக வரவழைத்தார். 1864இல் அதே சகோதரர்கள் நியூயார்க்கில் வங்கி தொடங்கினார்கள்.

பூங்கோதை:

செலிக்மேன் கதை ஜெயித்தவர் கதை. ஆபிரகாம் கோன் என்பவரின் நாட்குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். 1842இல் பவேரியாவிலிருந்து வந்து, நியூ இங்கிலாந்துக் குளிர்காலத்தில் மூட்டை சுமந்தவர். பனியில் நடை, தெரியாத வீட்டில் இரவு, மூடப்படும் கதவுகள், வாரம் முழுக்க ஒரு யூத முகம்கூடப் பார்க்காத தனிமை. ஓய்வுநாள் தொழுகையை இழந்துவிட்டோமே, இதற்காகவா அம்மாவை விட்டு வந்தோம் என்று அவர் புலம்புவதைப் படித்தால் மனசு கனத்துப்போகும். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சாப்பிட நினைத்தவர்களுக்கு வழியில் கிடைத்தது ரொட்டியும் முட்டையும்தான்.

கோன் பிற்பாடு சிகாகோ போய்க் கடை வைத்தார். 1847இல் அந்த ஊரின் முதல் யூதச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1860இல் நகர எழுத்தராகவும் ஆனார். பதவியேற்கப் புறப்பட்ட லிங்கனுக்கு விவிலியத்தின் யோசுவா நூலிலிருந்து எபிரேய வரிகள் எழுதிய கொடியை அனுப்பியவர் இவர்தான்.

கிழக்குத்தெரு:

வைகைக்கரையான், ஆலை வைத்தவர்கள் யூதர்கள் அல்லர் என்கிறீர்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஹார்ஸ்ட்மன் ராணுவப் பட்டனுக்குப் பேர்போனவர். அயோவாவின் மஸ்கடீனில் முத்துச்சிப்பிப் பட்டன் தொழிலையே தொடங்கியவர் ஜான் போப்பிள். 18ஆம் நூற்றாண்டிலேயே ஃபிலடெல்ஃபியாவில் பித்தளைப் பட்டன் செய்தவர் காஸ்பர் விஸ்டர். எல்லாம் ஜெர்மன் பெயர்கள். இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

பனைமரத்தான்:

கிறிஸ்தவ ஜெர்மானியர் கணக்கில்தான். ஜெர்மன் பெயர் இருந்தால் யூதர் என்று இணையத்தில் பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த நூற்றாண்டில் அமெரிக்கா வந்த ஜெர்மானியரில் யூதர்கள் சிறுபான்மை. விஸ்டர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தவர். ஹார்ஸ்ட்மன் கிறிஸ்தவக் குடும்பம். போப்பிள் ஹாம்பர்க் பக்கத்தில் பட்டன் கடைசல் கற்றுக்கொண்டு வந்த கைவினைஞர். அவரை யூத வியாபார வரலாற்றில் சேர்க்க முகாந்திரம் இல்லை.

ஆனால் போப்பிளின் கதை நம் விஷயத்துக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது. அவர் 1887இல் அமெரிக்கா வந்தார். மிசிசிப்பி ஆற்றில் கெட்டியான மட்டிச்சிப்பிகள் குவிந்து கிடந்தன. இருந்தும் ஐரோப்பாவிலிருந்து வந்த பட்டனோடு விலையில் போட்டி போட முடியாது. 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பட்டன் விலையை ஏற்றியது. 1891இல் போப்பிள் மஸ்கடீனில் பட்டறை போட்டார். சிப்பியை ஊறவைத்து, குழாய் வடிவ ரம்பத்தில் வட்டம் வட்டமாக அறுத்து, முதுகைத் தேய்த்துச் சமப்படுத்தி, துளை போட்டு, மெருகேற்றி, தரம் பிரித்து, பெண்கள் அட்டையில் தைத்துக் கொடுப்பார்கள். 1905இல் அந்த ஒரு சின்ன ஊர் ஆண்டுக்கு 150 கோடி பட்டன் செய்தது. வட்டம் வட்டமாக ஓட்டை விழுந்த சிப்பிகள் இன்றைக்கும் அந்த ஆற்றங்கரையில் கிடைக்கின்றன. போப்பிளே 1912இல், சிப்பி கிழித்த காயம் சீழ்பிடித்து இறந்தார்.

அதே சட்டம் மறுபக்கத்தில் யாரை அடித்தது? வியன்னாவின் முத்துச்சிப்பித் தொழிலாளர்களை. அமெரிக்கச் சந்தை கைவிட்டுப்போய் அங்கே பட்டறைகள் முடங்கின. நியூயார்க்கில் உட்கார்ந்து ஐரோப்பியப் பட்டனை இறக்குமதி செய்து பிழைத்த வீடுகளும் கணக்கை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

தையல்கடை:

நான் தையல் சாமான் கடை வைத்திருப்பவன். சரக்குப் பக்கத்தைச் சொல்கிறேன். அன்றைக்கும் பட்டன் கணக்கு குரோஸில்தான், 144. மொத்த வியாபாரிக்குப் பெரிய குரோஸ், 12 குரோஸ் சேர்ந்தது, 1,728. அளவு லைனில், 40 லைன் ஓர் அங்குலம். சட்டைப் பட்டன் 18 லைன் என்று நாங்கள் இன்றும் கேட்டு வாங்குவது இந்தப் பழைய கணக்கைத்தான்.

மூட்டைக்காரன் குரோஸாக விற்க முடியாது. அதனால் அட்டை. ஒரு டஜன் தைத்த அட்டையைக் காட்டினால், எண்ண வேண்டியதில்லை, ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும், மொழி தெரியாதவன்கூட விரலை நீட்டி விலை சொல்லலாம். ஆங்கிலம் வராத ஆளுக்கு இதைவிடத் தோதான சரக்கு வேறென்ன?

மலிவுப் பட்டனில் பெரிய மாற்றம் 1840இல் வந்தது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிராஸர், உலர்ந்த களிமண் தூளை அச்சில் அழுத்திச் சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிரான்சில் பாப்டெரோஸ் அதைப் பெரிய அளவில் செய்தார். வெள்ளை வெளேரென்ற பீங்கான் பட்டன், உள்ளாடைக்கும் குழந்தைச் சட்டைக்கும் ஏற்றது, வெந்நீரில் வெளுத்தாலும் ஒன்றும் ஆகாது. பழைய அமெரிக்க வீடு இருந்த இடத்தைத் தோண்டினால் இதுதான் நிறைய கிடைக்குமாம். 1860களுக்குப் பிறகு டாகுவா கொட்டைப் பட்டன் வந்தது. தென் அமெரிக்கப் பனை இனத்தின் கொட்டை, தந்தம் மாதிரி இருக்கும், சாயம் நன்றாக ஏறும். ஆண்கள் கோட்டுக்கு அதுதான். அந்தத் தொழில் வேரூன்றிய ஊர்களில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரும் ஒன்று. ஏன் ராச்செஸ்டர்? ஆண்கள் ரெடிமேட் உடை ஆலைகள் அங்கே இருந்தன, அவற்றில் பல ஜெர்மன் யூத முதலாளிகளுடையவை. பட்டனை வாங்குபவன் எங்கே இருக்கிறானோ அங்கே பட்டன் ஆலை வரும்.

பூங்கோதை:

வாங்கிய பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ஹாம்ப்டன் ஆலைக்கு முன்னால் எமிலி வில்லிஸ்டன் என்ற பெண் இருக்கிறார். 1820களில் வீட்டில் உட்கார்ந்து மர அச்சின் மேல் துணி போர்த்திப் பட்டன் செய்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் வேலை கொடுத்தார். கணவர் சாமுவேல் வில்லிஸ்டன் அதை ஆலையாக வளர்த்து, வந்த பணத்தில் 1841இல் பள்ளிக்கூடமும் தொடங்கினார். பள்ளிக்கூடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பண்ணைப் பெண்ணிடம் ரொக்கம் அதிகம் இருக்காது. முட்டை, இறகு, கந்தல் துணி கொடுத்துப் பண்டமாற்று செய்வாள். கந்தல் காகித ஆலைக்குப் போகும். டவுனுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கணவன். மூட்டைக்காரன் வாசலுக்கு வந்தால் தேர்ந்தெடுப்பது அவள். மூட்டைக்காரன் வரவுக்கு அவர்கள் காத்திருந்ததில் ஆச்சரியமில்லை.

தென் மாநிலங்களைத் தொட்டால் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லேமன் சகோதரர்கள் அலபாமாவின் மாண்ட்கமரியில் துணிக்கடை வைத்து, சரக்குக்குப் பதிலாகப் பருத்தி வாங்கிப் பருத்தி வியாபாரிகள் ஆனார்கள். அந்தப் பருத்தி அடிமைகளின் உழைப்பு. 1860 கணக்கெடுப்பில் சகோதரர்களில் ஒருவரான மேயர் லேமன் பெயரில் 7 அடிமைகள் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்கள் இன்னொருவரை ஒடுக்கிய அமைப்பில் சேர்ந்தார்கள். இதை விட்டுவிட்டு அவர்கள் பட்ட கஷ்டத்தை மட்டும் எழுதினால் அது பாதிக் கதைதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான கறுப்பின மக்களின் குடிசை வாசலுக்குப் போய், மரியாதை கொடுத்துப் பேசி, விருப்பப்பட்டதை எடுத்துப் பார்க்கவிட்ட யூத மூட்டைக்காரர்களும் இருந்தார்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

கிழக்குத்தெரு:

சரி, ஒரு கேள்வி. கைமுதல் இல்லாதவனுக்கு யார் சரக்கு கொடுத்தார்கள்? எந்த நம்பிக்கையில்? அதைச் சொல்லாமல் சங்கிலி என்று சொன்னால் எப்படி?

வைகைக்கரையான்:

அதுதான் எனக்கு இந்த விஷயத்தின் உயிர்நாடி. 1841இல் லூயிஸ் டாப்பன் நியூயார்க்கில் ஒரு கடன் தகவல் நிறுவனம் தொடங்கினார். 1859இலிருந்து அது ஆர். ஜி. டன் கம்பெனி. ஊர் ஊராகத் தகவலாளர்கள் இருந்து, இந்தக் கடைக்காரன் நாணயமானவனா, சொத்து எவ்வளவு, குடிப்பானா என்று எழுதி அனுப்புவார்கள். நியூயார்க் மொத்த வியாபாரி அந்த ஏட்டைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பான். அந்த ஏடுகள் இன்று ஹார்வர்டு வணிகப் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. யூதர் கடை என்றால் ‘யூதர்’ என்று குறித்துவிடுவார்கள். பல இடங்களில் அந்த ஒரு சொல்லே எச்சரிக்கை. ஒழுங்காகக் கடனைக் கட்டியவனைப் பற்றிக்கூட, யூதராக இருந்தும் நல்லவர் என்கிற தொனியில் குறிப்புகள் வரும். கடை ஓரிடத்தில் நிலைக்காது, சொத்து கண்ணுக்குத் தெரியாது, உறவுக்காரர்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வெளியே கடன் கிடைக்காவிட்டால் உள்ளே தேட வேண்டும். நியூயார்க்கிலோ பால்டிமோரிலோ சின்சினாட்டியிலோ ஏற்கெனவே கடை வைத்த மாமன், ஊர்க்காரன், அண்ணனின் மைத்துனன் சரக்கைக் கடனாகக் கொடுப்பான். புதிதாக வந்தவன் சுற்றி விற்றுவிட்டு வந்து கணக்கை முடித்து, மறுபடி நிரப்பிக்கொண்டு போவான். பத்திரம் இல்லை, அடமானம் இல்லை. ஏமாற்றினால் பவேரியாவில் இருக்கும் அம்மா காதுக்கே சேதி போய்விடும். இரண்டு மூன்று ஆண்டில் வண்டி, பிறகு ஆற்றங்கரை ஊரில் சின்னக் கடை. ஆடம் கிம்பெல் மிசிசிப்பி ஓரமாகச் சுற்றி விற்றுவிட்டு 1842இல் இண்டியானாவின் வின்சென்ஸில் கடை போட்டார். கடை வைத்தவன் அடுத்து வருபவனுக்குச் சரக்கு கொடுப்பவனாக மாறிவிடுவான்.

இதைச் சமூக ஒற்றுமை என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வெளிக்கதவு சாத்தப்பட்டதால் கட்டிய வீடு அது. அதன் ஆபத்தும் அவர்கள் தலையில்தான் விடிந்தது. எல்லாரும் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கும்போது, 1857 போலவோ 1873 போலவோ ஒரு நிதி நெருக்கடி வந்தால் ஒருவன் விழுந்த சத்தம் நாலு ஊரில் கேட்கும். உறவுக்குள் கடன் என்பதால் வசூலும் சண்டையும் வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

பனைமரத்தான்:

உள்நாட்டுப் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் சீருடை, ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பித்தளைப் பட்டன். ஆலை வருமானம் வாட்டர்பரிக்குப் போனது. சீருடைத் துணியும் தையலும் ஒப்பந்தம் எடுத்தவர்களில் செலிக்மேன் போன்ற யூதர்களும் இருந்தார்கள். பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக்கு லண்டனிலிருந்து சாமான் அனுப்பிய எஸ். ஐசக், கேம்பல் கம்பெனி ஒரு யூதக் குடும்பத்துடையது. முதுகில் அவர்கள் பெயர் பொறித்த பட்டன்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

போர்க் கொள்ளை லாபம் என்ற பழி மட்டும் யூதர்கள் மேல்தான் அதிகம் விழுந்தது. 1861இல் மட்டமான சீருடை கொடுத்து நியூயார்க்கில் பேர் கெட்டது புரூக்ஸ் பிரதர்ஸ், அது யூதக் கடை அல்ல. 1862 டிசம்பர் 17இல் வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட் தன் கட்டுப்பாட்டில் இருந்த டென்னசி ராணுவப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற உத்தரவிட்டார். கள்ளப் பருத்தி வியாபாரத்தைத் தடுக்கிறேன் என்று ஒரு சமூகத்தையே குற்றவாளி ஆக்கினார். கென்டக்கியின் படூகாவில் கடை வைத்திருந்த சீசர் காஸ்கெல் வாஷிங்டன் போய் லிங்கனிடமே முறையிட்டார். ஜனவரி முதல் வாரத்தில் உத்தரவு ரத்தானது. பெண்டு பிள்ளைகளோடு படகேற்றப்பட்ட குடும்பங்கள் அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தன.

தையல்கடை:

போருக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் 1850களிலேயே பரவ ஆரம்பித்தது. போர்ச் சீருடையால் ஆளுக்கு ஆள் அளவெடுக்காமல் சைஸ் வாரியாகத் தைக்கும் பழக்கம் உறுதிப்பட்டது. காஜா மட்டும் வெகுகாலம் கைவேலை. 1881இல் பாஸ்டனின் ஜான் ரீஸ் காஜா மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் பட்டனை டஜன் கணக்கில் வாங்கும் வீட்டுப் பெண்ணைவிடப் பெரிய குரோஸில் வாங்கும் ரெடிமேட் ஆலைதான் முக்கிய வாடிக்கை. மூட்டைக்காரன் தேவை குறைந்தது.

1881க்குப் பின் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த ஏழை யூதர்கள் வேறு விதமாகப் பட்டனைத் தொட்டார்கள். நியூயார்க் கீழ்க்கிழக்குப் பகுதியின் ஒண்டுக்குடித்தன அறைகளில் பெண்களும் பிள்ளைகளும் பட்டன் தைத்துக் கொடுத்தார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கீழே ஹெஸ்டர் தெருவில் தள்ளுவண்டியில் பட்டனும் நூலும் விற்பனை. ஆலை முதலாளி பவேரியா யூதர், தைப்பவர் ரஷ்ய யூதர் என்று ஒரே இனத்துக்குள் கூலித் தகராறு வெடித்ததும் இந்தக் காலத்தில்தான்.

கிழக்குத்தெரு:

உறவினர் ஒருவர் அமெரிக்காவில் பழம்பொருள் சந்தையில் வாங்கிய பித்தளைப் பட்டன்களை எனக்குக் கொடுத்திருக்கிறார். முதுகில் எழுத்து இருக்கிறது. அந்தப் பெயரை வைத்து யூதக் கடையா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

வைகைக்கரையான்:

பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பனைமரத்தான் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். முதுகில் இருப்பது செய்தவர் பெயராகவும் இருக்கலாம், விற்றவர் பெயராகவும் இருக்கலாம். வாட்டர்பரி ஆலைகள் வியாபாரி கேட்டால் அவர் கடைப் பெயரையே அச்சில் வெட்டிப் பொறித்துக் கொடுத்தன. ‘மும்முறை முலாம்’, ‘உயர்தரம்’ என்றெல்லாம் இருந்தால் அது விளம்பரம், தேதிக்கு உதவாது. ஸ்கோவில் பெயர் இருந்தால் காலம் சொல்லலாம். ஜே. எம். எல். அண்டு டபிள்யூ. எச். ஸ்கோவில் என்றால் 1827 முதல் 1840 வரை. ஸ்கோவில்ஸ் அண்டு கோ என்றால் 1840 முதல் 1850 வரை. மானுஃபாக்சரிங் கம்பெனி என்று சேர்ந்திருந்தால் 1850க்குப் பிறகு. கடைப் பெயரும் ஊரும் இருந்தால் அந்த ஊரின் பழைய வணிக விவரப் புத்தகத்தில் தேடுங்கள், பிறகு அங்கிருந்த யூதச் சபையின் உறுப்பினர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயர் வந்தால்தான் சொல்லலாம்.

முதுகை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.